சுயம்பு கையில் ஏன் கயிற்றைக் கொடுத்தீர், மச்சான்?

என் பாசமுள்ள மச்சானுக்கு,

பாசம் என்று எழுதக் கை வரவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். "மொதல்ல பாசம்னு போடுலே, பொறவு என்னத்தையும் எழுதிக்கோ" என்கிறாள். அவளுக்காகப் போட்டேன், உமக்காக இல்லை.

நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உம்ம பேரில் கடற்கரையில் சடுகுடுப் போட்டி வைத்திருக்கிறார்கள். கோப்பை வாங்கியாயிற்று, கொட்டகை போட ஓலை வந்து இறங்கிவிட்டது. கூடவே ஒரு நினைவு மலரும் அச்சடிக்கிறார்களாம். கமிட்டிக்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்து, "ஒம்ம மச்சான் ஆடின காலத்தையும் கோச்சா இருந்த காலத்தையும் சேத்து ஒரு கடுதாசி மாதிரி எழுதித் தாரும் அண்ணாச்சி. சிங்கம், சூறாவளின்னு நல்லா எழுதும்" என்றார். சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அந்தச் சுயம்பு பேரு மட்டும் வரவேண்டாம், என்ன?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் அந்தப் பேரைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். அச்சடித்தால் அடிக்கட்டும். இல்லையென்றால் தெருத்தெருவாகப் போய் நானே வாசித்துக் காட்டுவேன்.

சிங்கமாம், சூறாவளியாம். நீர் பெரிய அழுத்தக்காரர், மச்சான். அடுத்தவன் சொல்வதைக் கேட்கவும் மாட்டீர், மனசில் இருப்பதைச் சொல்லவும் மாட்டீர். செத்தவரை இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். இருக்கும்போதும் முகத்துக்கு நேரே இதைத்தான் சொன்னேன், நீர்தான் காதில் வாங்கவில்லை.

இந்த மலரை வாசிக்கப்போகிற வெளியூர்க்காரர்களுக்கு உம்மைத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அருளப்பன் மச்சான் முதலில் சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு, தூத்துக்குடியில் மூச்சடக்கத் தெரிந்தவனுக்கு மிஞ்சினது சங்குதான். இடுப்பில் கயிற்றோடு இறங்கி, கடலடி மணலில் துழாவிச் சங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முடியப்போகும்போது கயிற்றை ஒரு இழு இழுப்பார்கள். வள்ளத்தில் கயிறு பிடித்திருக்கிறவன் அந்த இழுப்புக்கு உடனே ஆளைத் தூக்கிவிட வேண்டும்.

அந்தக் கயிற்றை எங்கள் கரையில் கண்டவன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கிடையாது. மச்சினன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்கு வீட்டிலும் வள்ளத்திலும் பங்கு உண்டு, அவன் மனசு எப்படி இருக்குமோ. மச்சினனுக்கு அப்படி இல்லை. கீழே கிடக்கிறவன் மேலே வராவிட்டால் அறுகிறது அவன் அக்காள் தங்கச்சி தாலி. அவன் பராக்குப் பார்க்க மாட்டான், பீடி பற்ற வைக்க மாட்டான். அக்காளை நீர் கட்டின மறுவாரமே உம்ம கயிறு என் கைக்கு வந்தது. நீர் இறங்கின நாளெல்லாம் அது என் கையில்தான் இருந்தது, ஒரு நாளைத் தவிர.

கடலுக்குப் போகாத நாளில் மணலில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவோம். உம்ம ஆட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நீர் பாடிக்கொண்டு ஏறினால் எதிர்க்கட்சிக்காரனுக்குக் கால் ஓடாது. அவனவன் ஏறினதும் திரும்பி ஓட வழி பார்க்கிறபோது, நீர் உம்ம வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரி நிற்பீர். இடையில் எங்கேயோ மூச்சு வாங்குகிறீர் என்று ஒரு நடுவருக்குச் சந்தேகம். உம்ம வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கூடவே ஓடினார். பாதியில் அவருக்குத்தான் மூச்சு இரைத்தது. சனம் சிரித்த சிரிப்பு பழைய துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் உமக்கு ஒரு கெட்ட புத்தி இருந்தது. தொட்டாயிற்று, ஆளும் அவுட், திரும்பி வர வேண்டியதுதானே? வர மாட்டீர். "இன்னும் மூச்சு கெடக்குலா மாப்ள, அதை எதுக்கு வீணாக்க?" என்பீர். மதுரையில் அப்படித்தான் நின்றீர். தொட்டு முடித்த பிறகும் உள்ளே நின்று, மூன்று பேர் மேலே விழுந்து, முட்டி பிசகிப்போனது. மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர்கள் உம்மைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் பார்த்தார்கள். அத்தோடு உம்ம ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு உம்மைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, இப்போது வருகிறது.

பிறகு கோச் ஆனீர். எங்கள் தெரு அணிக்கு நீர்தான் எல்லாம். அந்த நாளில் உம்மிடம் ஆடினவர்கள் இப்போது மலரில் உம்மைத் தெய்வம் என்று எழுதுவார்கள். எழுதுகிறவனிடம் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், பிரம்புத் தழும்பு இருக்கும். கழுத்தளவு கடலில் நிற்கவிட்டுப் பாடச் சொல்வீர். ஏறிவருகிறவன் காலைப் பிடிக்கப் பழக்குகிறபோது பேச்சுச் சத்தமே கேட்கக் கூடாது. ஒரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவீர். பிடிபட்டவன் முதலில் திமிறுகிற திமிறல் பொய். பிடியை மாற்ற வைக்கத்தான் அப்படித் திமிறுவான், மாற்றின அந்த நொடியில் நழுவிவிடுவான். அதனால் முதல் திமிறலுக்குக் கை அசையவே கூடாது. ரெண்டாவது திமிறலுக்குத்தான் ஆளை அப்படியே தூக்க வேண்டும்.

"மண்டை மறந்தாலும் கை மறக்கப்படாதுலே" என்று சொல்லிச் சொல்லி அடிப்பீர். முதல் திமிறலில் எவன் விரலாவது அசைந்தால் பிரம்பு விழும். நானும் வாங்கியிருக்கிறேன். அடி வாங்கி வாங்கி எங்கள் கைகள் உம்ம சொல்லைத்தான் கேட்கும், எங்கள் சொல்லைக் கேட்காது. அந்தப் பாடத்தால் நிறைய ஜெயித்தோம். அதையும் எழுதிவிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது.

புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலத்தில் ஒரு மில்லில் உம்மைக் கூப்பிட்டார்கள். வேலையும் தருகிறோம், எங்கள் அணிக்குக் கோச்சாகவும் இரும் என்றார்கள். போனீர். அதற்கு நான் உம்மைக் கோவிக்கவில்லை. உப்புத்தண்ணீரில் கிடந்து கண் சிவந்தவருக்கு மாசச் சம்பளம் வந்தால் அக்காவுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். தெருவில் சிலபேர் துரோகி என்றார்கள். அவர்களோடு உமக்காகச் சண்டைக்குப் போனவன் நான்.

அப்புறம் அந்த இறுதி ஆட்டம் வந்தது. இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் உம்ம மில். நான் இடது மூலையில் நிற்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உம்ம ஆட்டக்காரனிடம் சொன்னீர்: "இடது மூலைக்கே ஏறு. தொம்மைக்கு இடது கை மணிக்கட்டுல பிடி நிக்காது." என் காதால் கேட்டேன், மச்சான். அந்த மணிக்கட்டு எப்படிப் போனது என்று உமக்குத் தெரியாதா? வாடைக்காற்று அடித்த ஒரு நாளில் வள்ளம் புரண்டு புரண்டு ஆட, உம்மைத் தூக்குகிறபோது கயிறு கையில் சுற்றிக்கொண்டது. விட்டிருந்தால் என் கை தப்பியிருக்கும். விடவில்லை. நீர் மேலே வந்து இருமிக்கொண்டே என் கையைப் பார்த்தீர். அந்தக் கையைத்தான் அன்றைக்கு எதிராளிக்குக் காட்டிக்கொடுத்தீர்.

அவன் இடது மூலைக்கே ஏறினான், நழுவினான், நாங்கள் தோற்றோம். கோப்பையை அவர்கள் உம்ம கையில் கொடுத்தார்கள். நீர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் உம்மோடு பேசுவதை நிறுத்தினேன். அக்கா நடுவில் கிடந்து தவித்தாள். "அவரு வேலைய அவரு பாத்தாரு, நீ ஒன் வேலைய ஒழுங்காப் பாத்துருக்கணும்" என்று எனக்கும் ஒரு குத்து. கட்டினவருக்குப் பரிந்து பேச அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த மில் அணியில்தான் சுயம்பு இருந்தான். தேரிக்காட்டுப் பக்கத்துப் பனையேறி வீட்டு ஆள். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, காலை நனைத்ததுகூட இல்லை. ஆனால் பிடி என்றால் பிடி. நீர் கை நீட்டி அடிக்காத ஒரே ஆள் அவன்தான் என்று கேள்விப்பட்டேன், ஒரு தடவை சொன்னதை அவன் கை பிடித்துக்கொண்டதாம். உம்ம பின்னாலேயே சுற்றுவான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் எரிச்சல் என்று கேட்காதீர்.

மில்லைப் பூட்டினார்கள். உமக்கும் வேலை இல்லை, சுயம்புவுக்கும் இல்லை. நீர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர், அக்காவிடம்கூடப் பேசுவதில்லை என்று சொன்னார்கள். சங்கு சீசன் தொடங்கினது. நாற்பது தாண்டின மனுஷன், முட்டி போன கால், எத்தனையோ வருஷமாக ஆழம் இறங்காத நெஞ்சு. ஒரு காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினீர். அக்கா வாசலில் மறித்துக் கேட்டிருக்கிறாள்.

"கயிறு பிடிக்க யாரு? தொம்மையக் கூப்புட்டீகளா?"

"அவன் வரமாட்டான்."

"நான் போயிச் சொல்லுதேன், வருவான்."

"வேண்டாம். சுயம்பு வாரான். ஒலகத்துல அவன் கைப் பிடி மாதிரி கெடையாது."

நான் வரமாட்டேன் என்று உமக்கு யார் சொன்னது? நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறேன்? அன்றைக்குக் காலையில் நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். நீர் என்னைத் தாண்டித்தானே கரைக்குப் போனீர்? "வாலே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வலையைப் போட்டுவிட்டு வந்திருப்பேன். பேசாமல்தான் வந்திருப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருப்பேன், ஆனால் வந்திருப்பேன். வெட்கமா? வீம்பா? என்ன எழவுக்கு அந்த ஒரு வார்த்தை உம்ம வாயில் வரவில்லை? மூச்சு மட்டும் அவ்வளவு வைத்திருந்தீரே.

உம்மைப் பிணமாக வீட்டில் கொண்டுவந்து கிடத்தினபோது சுயம்பு மூலையில் நின்றான். தெருவே அவனை அடிக்கப் பாய்ந்தது. நானும்தான் சட்டையைப் பிடித்தேன். "இழுப்பு வரலியாலே?" என்று கேட்டேன்.

"வந்துச்சு அண்ணாச்சி. மொத இழுப்பு வந்துச்சு. ரெண்டாவதுக்குக் கை காத்துக்கிட்டு இருந்துச்சு. வரவே இல்ல."

அவன் கையைப் பார்த்தேன். எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. சட்டையை விட்டுவிட்டேன். கடல் தெரியாத ஒருத்தன் கையில் கயிற்றைக் கொடுத்து, "இழுத்தாத் தூக்கு" என்று போகிற போக்கில் சொல்லியிருப்பீர். அவன் மண்டை அதைக் கேட்டிருக்கும். கை கேட்கவில்லை. முதல் இழுப்புக்கு அசையாதே என்று அந்தக் கையை அடிக்காமலே பழக்கி வைத்தவர் நீர். இதை அன்றைக்கே அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். பிணத்தை முன்னால் போட்டுக்கொண்டு செத்தவரைக் குற்றம் சொல்கிறான், பழைய கோவம் என்று என் வாயை அடைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கதை உமக்குத் தெரியாது, கேளும். கோச்சைக் கொன்ற கை என்று சுயம்புவுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மில் திறந்தது. எல்லாரையும் எடுத்தார்கள், அவன் போகவில்லை. ஊர் ஊராக அணிகள் அவனைக் கூப்பிடும், இப்போது எவனும் கூப்பிடுவதில்லை. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் கை கழுவிவிட்டார்கள். உப்பளத்தில் மூட்டை தூக்குகிறான். உம்ம பேரில் நடக்கிற போட்டியில் அவன் கோட்டை மிதிக்கக் கூடாதாம். உமக்குச் சந்தோஷமா? நீர் பழக்கினவர்களிலேயே நல்ல பிடிகாரன், வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடக்கிறான்.

நேற்று இந்தக் கடுதாசியை இதுவரைக்கும் எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். முழுசும் கேட்டாள். "அந்தப் பையன இங்கன கூட்டிட்டு வா" என்றாள்.

உப்பளத்துக்குப் போனேன். "அக்கா முகத்துல முழிக்க மாட்டேன் அண்ணாச்சி, என்னைய விட்டுரும்" என்று மூட்டையை இறக்காமலே சொன்னான். மூட்டையை நானே பிடித்து இறக்கினேன். இழுக்காத குறையாகத்தான் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை. அக்கா வெளியே வந்து அவனுக்கு முன்னால் நின்றாள். நான் பயந்துபோனேன், கன்னத்தில் அறைந்துவிடுவாளோ என்று.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பொய் சொல்லாத" என்றாள். "அவரு இழுத்தாருல்லா, அது பலமா இருந்துச்சா? இல்ல, கயிறு சும்மா அசைஞ்ச மாதிரி இருந்துச்சா?"

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான். "பலமாத்தான் இழுத்தாரு அக்கா. வள்ளமே ஒரு பக்கம் சாஞ்சுது. அம்புட்டுப் பலமா இழுத்தும் நான்..."

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உம்மைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மில்லு பூட்டுனதுல இருந்து அவரு பேசாமக் கெடந்தாருல்லா. மேல வர மனசில்லாமப் போயிட்டாரோன்னு நான் ஒரு வருசமா வெந்துக்கிட்டுக் கெடந்தேன். வரத்தான் பாத்துருக்காரு. பலமா இழுத்துருக்காரு."

ஒரு வருஷம், மச்சான். அவள் மனசில் அது கிடந்தது எனக்குத் தெரியாது. தினமும் அவள் கைச் சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கே தெரியாது. அவள் கேட்காமல் விட்டதற்கும் நீர்தான் காரணம். வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்து இருந்து அவளுக்கும் அதையே பழக்கிவிட்டீர்.

அப்புறம் அவள் சுயம்புவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். சோறு போட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தின்னுலே. கப்பு நான்தான் குடுக்கப் போறேன். நீ ஆடலன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்னு கமிட்டிக்காரங்க கிட்டத் தொம்மை சொல்லிருவான்" என்றாள். ரெண்டாவது தடவை சொன்ன பிறகுதான் தின்றான்.

ஆகவே உமக்குச் சொல்லி வைக்கிறேன். போட்டியன்றைக்குச் சுயம்பு கோட்டுக்குள்ளே நிற்பான். எங்கள் தெரு அணியில், என் பக்கத்தில், என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எவனாவது ஒருத்தன் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனோடு நான் பேசிக்கொள்கிறேன், அவன் கமிட்டியில் இருந்தாலும் சரி. சுயம்புவுக்குப் பெண் பார்க்க அக்காவும் நானும் போவோம். நீர் கெடுத்துவிட்டுப் போன அத்தனையையும் உட்கார்ந்து சரி பண்ண வேண்டியது எங்கள் தலையெழுத்து.

அக்கா உம்மை மன்னித்துவிட்டாளாம். சுயம்பு மன்னிக்க ஒன்றுமே இல்லை என்கிறான், அவன் ஒரு கூறுகெட்ட பயல். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பு வேண்டுமென்றால் என் வீட்டு வாசலில் வந்து நின்று, உம்ம வாயைத் திறந்து கேளும். வாரும், மச்சான். ஒரு வார்த்தை போதும் எனக்கு.

இப்படிக்கு,
நீர் கூப்பிடாமல் தாண்டிப் போன உம்ம மச்சினன்,
புஷ்பத்தின் தம்பி தொம்மை